குரங்கும் முதலையும் நாலு மணி பஸ்ஸும்

“யாரும் எழுந்திருக்காதீங்க, ஓடம் சாஞ்சுடும்” என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, செண்பகம் டீச்சர்தான் முதலில் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பழவேற்காடு ஏரியின் நடுவில் ஓடம் நின்று அரை மணி நேரமாகிவிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். கரை என்று சொல்லிக்கொள்ள ஒரு பச்சைக் கோடுதான் தெரிந்தது.

ஓட்டி வந்த தேசப்பனின் கழி சேற்றில் மாட்டிக் கைநழுவி, ஐம்பதடி தள்ளி நட்டுக்கொண்டு நின்றது. பாயை விரிக்கலாம் என்றால் காற்றில்லை. நீந்திப் போய் எடுத்துவர முடியாதா என்று டீச்சர் கேட்டாள்.

“எறங்கினா சேறு உள்ள இஸ்துக்கும், டீச்சரம்மா. காத்து வரட்டும்” என்று சொல்லிவிட்டு, அவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டார். மூன்று பெண்களைப் பெற்ற மனிதரை அதற்கு மேல் எப்படி வற்புறுத்துவது?

செண்பகம் ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் வயலில் வளர்ந்தவள். கணுக்காலுக்கு மேல் தண்ணீரைக் கண்டால் பின்வாங்கிவிடுவாள். அவளைப் பார்த்துத்தான் இந்தத் தீவுக் குப்பத்தின் ஓராசிரியர் பள்ளிக்குப் போட்டிருந்தார்கள். அவளுக்கு முன்னால் எந்த வாத்தியாரும் அங்கே ஒரு மாதம் தாண்டியதில்லை. நாலு வருஷமாக அவள் ஏரியைக் கடந்ததெல்லாம் கண்ணை மூடிக்கொண்டுதான்.

மனுப் போட்டு மனுப் போட்டு, அறுபத்தெட்டாம் வருஷம் ஒருவழியாகச் சொந்த ஊருக்கு மாற்றல் வந்தது. இன்றைக்குள் பொன்னேரி ஆபீசில் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதற்குக் கரையில் நாலு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

ஊரில் புருஷனிடம் வளரும் மகள் ரத்னாவுக்கு நாலு வயது. போன தடவை பார்த்தபோது அவளும் இவளை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டாள். 

பஸ் ஏற்றிவிடுகிறோம் என்று அடம்பிடித்துக் கூட வந்த நாலு பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயந்துவிட்டார்கள், பாவம் என்று டீச்சர் நினைத்தாள். ரத்னாவுக்கென்று பட்டணத்திலிருந்து வரவழைத்த வண்ணப்படக் கதைப் புத்தகம் பையில் இருந்தது. மகளுக்கு முன்னால் யாரும் அதைப் பிரிக்கக் கூடாது என்றிருந்தாள். வேறு வழியில்லாமல் எடுத்தாள்.

முதலில் கொக்கும் நண்டும். மீன்களை ஏமாற்றிய கொக்கின் கழுத்தை நண்டு இறுக்கும் படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கைகொட்டினார்கள். தேசப்பனின் கடைக்குட்டி எல்லம்மா, “அதோ பாருங்க டீச்சர், இதே மாதிரி கொக்கு நைனா கழியாண்ட நின்னுக்கினு கீது” என்று காட்டினாள்.

டீச்சர் நிமிரவில்லை. உள்ளதைச் சொன்னால், தண்ணீரைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் அவள் புத்தகத்தையே எடுத்தாள்.

அடுத்தது குரங்கும் முதலையும். நடு ஆற்றில், முதலையின் முதுகில், குரங்குக்கு விஷயம் புரியும் இடம் வந்தபோது டீச்சர் நிறுத்திவிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தாள். கைக்கடிகாரத்தில் மணி மூன்றரை.

இன்னொரு தபா படிக்கச் சொன்னாள் பிள்ளைகளில் ஒருத்தியான அஞ்சம்மாள். படித்தாள். சிங்கம், நரி, ஆமை என்று ஒரு படம் விடாமல் காட்டினாள். காற்றும் வரவில்லை, வேறு ஓடமும் வரவில்லை.

நாலேகாலுக்குப் புத்தகத்தை மூடியபோது கண்ணீர் அட்டையில் சொட்டியது. பிள்ளைகள் எதிரில் அழக் கூடாது என்ற வைராக்கியமெல்லாம் பஸ்ஸோடு போயிற்று.

துண்டுக்குள்ளிருந்தபடியே தேசப்பன் மணி கேட்டார். சொன்னாள்.

அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். டீச்சர் தடுப்பதற்குள் ஓடத்தை விட்டு இறங்கிவிட்டார்.

தண்ணீர் அவர் முழங்காலோடு நின்றது. கடைத்தெருவுக்குப் போகிறவர் போல நடந்துபோய்க் கழியைப் பிடுங்கி வந்து, ஓடத்தைக் குப்பத்துப் பக்கமே திருப்பினார். டீச்சரின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

டீச்சர் முதல்முறையாகக் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். எல்லம்மாதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“நாலு மணி பஸ்ஸு போய்ட்டா நீங்க எங்கியும் போவ மாட்டீங்கன்னு நைனாதான் சொல்லிச்சி, டீச்சர்.”