நோகாத சன்னம்

இந்த இடத்தில் மான் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது.

பனியில் ஒரு கோப்பை அளவுக்கு இரத்தம் தேங்கி, ஓரம் உறைந்து கிடந்தது. குளம்படிகள் அதைச் சுற்றித் தடுமாறியிருந்தன. பிறகு மறுபடியும் புதர்ப் பக்கம் போயிருந்தன.

அவன் குனிந்து பார்த்தான். நிமிர மனம் வரவில்லை.

சுட்டது காலை பத்து மணிக்கு. இப்போது இரண்டு.

நாலு மணித்தியாலமாக அந்தப் பெண்மான், மனிட்டோபாவின் இந்தக் குளிருக்குள், உடம்பில் ஓட்டையோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

முன்னால் சேந்தன் நடந்துகொண்டிருந்தான். அவனுடைய மனைவியின் தம்பி. வேட்டைக்கு அனுமதி எடுத்து இது முதல் வருடம், இது முதல் மான். தோளில் புது செமி ஓட்டோமெட்டிக் துவக்கு. அடுத்தடுத்து வெடி வைக்கலாம் என்று ஒரு மாதமாகப் பெருமை பேசியவன், ஒரே ஒரு வெடிதான் வைத்திருந்தான்.

"என்ர கைதான் அத்தான் பிழை," என்றான், திரும்பாமலே. காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ. "கை ஆடியிருக்கு. இனி இந்தச் சனியனைத் தொடமாட்டன்."

கை ஆடவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத் தெரியாதா? சன்னம் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் பட்டது. சரியான ரவையாக இருந்திருந்தால் மான் பத்தடி போயிருக்காது.

அந்த ரவையை வாங்கியது சேந்தன் அல்ல, அவன்.

வேட்டைக்கு முந்தின கிழமை முழுக்கச் சேந்தனுக்கு வேலை. நீங்களே வாங்கிக்கொண்டு வாங்கோ அத்தான் என்றிருந்தான்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். அளவு ஒன்று. துவக்குக்கு இரண்டும் பொருந்தும். ஒன்றில் நுனியில் ஈயம் மொட்டையாகத் தெரிந்தது. மற்றது நுனிவரை செம்பு மூடி வழவழவென்றிருந்தது.

ஈய நுனியைக் காட்டி, இது உள்ளே போய் விரியும் என்றார். கையை மொட்டுப் போலக் குவித்து, விரித்தும் காட்டினார். மானுக்கு இதுதான். மற்றது இலக்கு வைத்துப் பழக மட்டும். அதோடு வேட்டைக்குப் போவது சட்டப்படியும் பிழை.

விரிந்த அந்த ஐந்து விரல்களை அவனால் பார்க்க முடியவில்லை.

வன்னியில், சண்டைக் காலத்தில், இரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் காயம் கட்டினவன் அவன். உடம்புக்குள்ளே சன்னம் விரிந்ததைக் கண்டிருக்கிறான். ஊடுருவி மறுபக்கத்தால் போனதையும் கண்டிருக்கிறான். ஊடுருவிப் போயிருந்தால் பெரிய டொக்டர்கூட நிம்மதியாக மூச்சு விடுவார். இரண்டு ஓட்டைக்கும் மருந்து வைத்துக் கட்டினால் ஆள் எழும்பி நடந்துவிடும். போகும்போது சிரித்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள்.

அவன் செம்பு மூடிய பெட்டியைத் தொட்டான்.

"பழகத்தான்," என்றான் கடைக்காரரிடம். வாய் கூசவில்லை.

வீட்டுக்கு வந்து துவக்கின் மகசினுக்குள் ஐந்து ரவைகளை அவனே போட்டுவைத்தான். சேந்தன் பார்க்கவில்லை. அத்தான் வாங்கினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவன்.

உயிர் தப்பியவர்களை நினைத்துக்கொண்டு, கொல்வதற்கு ரவை வாங்கியிருக்கிறான். மடையன். இரக்கமாம், இரக்கம்!

"அத்தான்."

சேந்தன் நின்றுவிட்டான்.

ஒரு மரத்தடியில் மான் கிடந்தது. தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. மூச்சுக்கு மூச்சு விலாவிலிருந்த சின்ன ஓட்டையில் நுரை வந்து போனது. இவர்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தது. முன்னங்கால்கள் மட்டும் கொஞ்சம் அசைந்தன.

சேந்தன் துவக்கை நீட்டினான். அழுதுகொண்டிருந்தான்.

"என்னால ஏலாது. நீங்கள் செய்யுங்கோ."

அவன் வாங்கினான். இரண்டடி தூரத்தில் நின்று, காதுக்குக் கீழே குறிவைத்து அழுத்தினான். துவக்கு தானாகவே அடுத்த ரவையை ஏற்றிக்கொண்டது. அது தேவைப்படவில்லை.



சேந்தன் முகத்தைத் துடைத்தான். பக்கத்தில் வந்து அவனுடைய தோளைப் பிடித்தான்.

"உங்களுக்கு நல்ல கை, அத்தான். நான் அந்தச் சீவனைப் படுத்தின பாட்டுக்கு, நீங்கள் ஒரு வெடியோட முடிச்சிட்டியள். கோடி புண்ணியம்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். இதை எப்படித் தாங்குவது?

அவன் துவக்கின் பாதுகாப்புப் பூட்டைப் போட்டு மகசினைக் கழற்றினான். மேலே இருந்த ரவையை விரலால் தள்ளி எடுத்து, சேந்தனின் உள்ளங்கையில் வைத்தான்.

சேந்தன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கையுறையைக் கழற்றிவிட்டு, நுனியைப் பெருவிரலால் தடவினான். அனுமதிக்குப் படித்துச் சோதனை எழுதியவன். விளங்காமல் இருக்குமா?

"இது பழகிற ரவையெல்லோ. கடைக்காரன் சொல்லேல்லையோ?"

"சொன்னவன்."

"பின்னை?"

"மற்றது உள்ளுக்க போய் விரியுமெண்டான். இதெண்டால் நோகாதெண்டு நினைச்சன், சேந்தன்."

சேந்தன் மானைப் பார்த்தான். பிறகு அவர்கள் வந்த வழியைப் பார்த்தான். கண்ணுக்கெட்டிய தூரம்வரை பனியில் சிவப்பாகத் தெரிந்தது.

"ஆருக்கு அத்தான்?" என்று கேட்டான்.