இனிக்காத வெல்லம்

“தூங்காத மாமா! கண்ணத் தொறந்துகினு இரு!” தாயம்மா கணவனை உலுக்கினாள்.

பட்டணத்துக் காலேஜில் மூலிகைகளைச் சோதிக்கும் கங்காதரனுக்காக, கன்னியப்பன் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இலை பறித்துக்கொண்டிருந்தான். புதருக்குள் ஏதோ காலைக் கடித்துவிட்டது. பாம்பா, பூரானா, யாரும் பார்க்கவில்லை. மூலிகை பறிக்கக் கட்டிய மஞ்சள் கயிறு இன்னும் அவன் கையில் இருந்தது.

விஷவைத்தியர் துலுக்கானம் அவன் வாயில் வெல்லத்தை வைத்தார். “இன்னா ருசி கீது?”

“மண்ணு… மண்ணாட்டம் கீது,” என்று குழறினான்.

துலுக்கானத்தின் முகம் கறுத்தது. “வெல்லம் இனிக்கலன்னா விஷம் ஏறிகினு கீது. தாயம்மா, ஓடு, வேப்பிலை ஒடிச்சிகினு வா!”

அவள் ஓடினாள்.

அவர் சிமிழிலிருந்த கடைசி மருந்து உருண்டையைக் கிண்ணத்தில் தேன் விட்டுக் குழைத்தார். “விஷம் ஏறினவனுக்கு இது உசிரு. ஏறாதவன் குடிச்சா அங்கியே போய்ச் சேருவான்.”

“நில்லுங்க வைத்தியரே!” இலை வாங்க வந்திருந்த கங்காதரன் கன்னியப்பனின் கூடையைக் கவிழ்த்தான். சிறுகுறிஞ்சான் இலைகள். பல இலைகள் பாதி கடிபட்டிருந்தன. “இதைத்தான் நான் சோதிக்கிறேன். மென்றால் கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது. கன்னியப்பா, நீ இதை மென்னியா?”

கன்னியப்பனின் தலை மெல்லக் கவிழ்ந்தது.

“பாருங்க, ஆமாங்கறான்!”

துலுக்கானம் நம்பவில்லை. ஓர் இலையை மென்று துப்பிவிட்டு வெல்லத்தைக் கடித்தார். கண்கள் விரிந்தன.

“அடி மாரியாத்தா! மண்ணேதான்! அநியாயமா ஒரு உசிர எடுக்க இருந்தேனே!” வேறு யாரும் வாய் வைத்துவிடக் கூடாதென்று கிண்ணத்திலிருந்த மருந்தைத் தரையில் கொட்டினார்.

கன்னியப்பன் மரத்தில் சாய்ந்து கண்மூடியிருந்தான்.

“பயந்தே களைச்சிட்டான். தூங்கட்டும்,” என்று கங்காதரன் சிரித்தான்.

வேப்பிலையோடு தாயம்மா மூச்சிரைக்க வந்தாள்.

“அத்தத் தூக்கிப் போடும்மா,” என்றார் துலுக்கானம். “உம் புருசன் எலைய மென்னுட்டு ஊரையே கதற வுட்டுட்டான்!”

அவள் சிரிக்கவில்லை.

“எலையவா? கயிறு கட்டிகினு பறிக்கும்போது வாயில வெச்சா மூலிகைக்கு சத்து போயிடும்னு பச்சத் தண்ணிகூட குடிக்க மாட்டாரே! அந்தக் கூடையில வாய் வெச்சது எங்க ஆடு, சாமி.”

கங்காதரன் குனிந்து பார்த்தான். கடைசி மருந்து முழுவதையும் மண் குடித்திருந்தது.