கெட்டி ஐசிங்

பட்டியலை மூன்றாவது தடவை படித்தபோதும் ஐசிங் அக்காவுக்கு அதில் இடம் இல்லை.

தாத்தா, அப்பா, அத்தை, மாமா, குண்டூசி, வாலு, அம்மா. ஏழே பேர். கீழே, 'எல்லா குக்கீலயும் பேர் எழுதணும்' என்று ஒரு உத்தரவு. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துவிட்டுக் குட்டி பள்ளிக்கூடம் போய்விட்டாள். நாளைக்கு அவளுக்குப் பன்னிரண்டு வயது முடிகிறது. குண்டூசியும் வாலுவும் அவளுடைய தோழிகள். மற்றவர்கள் வீட்டு மனிதர்கள்.

தெரு முழுக்க இவளை 'ஐசிங் அக்கா' என்றுதான் கூப்பிடும். குக்கீ வாங்க வருகிறவர்கள் மட்டுமல்ல, இவளைவிடப் பத்து வயது மூத்த தபால்காரர்கூட அக்கா என்பார். கூப்பிட ஒரு சொல் இல்லாமல் இருப்பது இந்த வீட்டுக்குள்தான்.

குட்டியின் அம்மா இறந்து இரண்டு வருடம் கழித்து, குட்டியின் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் இவள். வந்து நாலு வருடம் ஆகிறது. சித்தி என்று கூப்பிடச் சொல்லி அத்தை கெஞ்சியும் பார்த்தாள், மிரட்டியும் பார்த்தாள். குட்டி நன்றாகத் தலையாட்டினாள். கூப்பிடவில்லை.

"சாப்பாடு ஆயிடுச்சுங்களா?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்பாள்.

அப்பாவிடம் நீ, வா, போ. எழுபத்தெட்டு வயதுத் தாத்தாவிடமும் நீ, வா, போ. இவளிடம் மட்டும் வங்கி மேனேஜரிடம் பேசுவதுபோல வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க'. மரியாதை இப்படி வலிக்கும் என்பது இவளுக்கு இந்த வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது.

கிராம்பு ஒன்றை வலது கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு வேலையில் இறங்கினாள். மூன்று நாளாகக் கடைவாய்ப்பல் உயிரை எடுக்கிறது. பிறந்தநாள் முடியட்டும் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை.

தாத்தாவுக்கு பட்டர்கிரீம். அவருடைய பல்செட் பாதி நேரம் சட்டைப்பையில்தான் குடியிருக்கும். அவருடைய குக்கீயை மட்டும் இரண்டு நிமிடம் முன்னதாகவே ஓவனிலிருந்து எடுத்திருந்தாள். அதன்மேல் மெத்தென்று வெண்ணெய் ஐசிங். ஈறிலேயே கரைத்துவிடுவார்.

அத்தைக்குச் சர்க்கரையே ஆகாது. அப்படிச் சொல்லிக்கொண்டேதான் இரண்டாவதை எடுப்பாள். அவளுக்கு எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் ஐசிங், அடியில் இருக்கும் குக்கீ தெரிகிற அளவுக்கு மெலிதாக.

அப்பாவுக்கு உருக்கிய சாக்லேட். கொடுத்ததைத் தின்றுவிட்டுக் கையைத் துடைக்கிற மாமாவுக்கு அதன் மிச்சம். தோழிகளுக்கு ஊதாவும் மஞ்சளும், பார்த்தாலே கண் கூசும்படி.

கடைசியாக அம்மா.

அதற்கு மட்டும் ராயல் ஐசிங் அடித்தாள். முட்டையின் வெள்ளைக்கருவும் பொடித்த சர்க்கரையும் கரண்டியிலிருந்து விழாமல் நிற்கும்வரை அடித்தாள். காய்ந்தால் கல். வருஷம் போனாலும் அழியாது. கூடத்து அலமாரியில் குட்டியின் அம்மா படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அடுத்த பிறந்தநாள்வரை அப்படியே இருக்கும். குக்கீயையும் அதற்கென்றே நன்றாக முறுகவிட்டிருந்தாள்.

படத்தில் இருப்பவள் சிரித்துக்கொண்டே இருப்பாள். குட்டிக்கும் அதே சிரிப்பு, முன்பல்லில் அதே இடைவெளி. படத்தில் இருப்பவள்மேல் இவளுக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனாலும் அந்த மூன்று எழுத்தையும் தன் கையாலேயே எழுதும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஈரமான ஐசிங்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், குழி விழுந்துவிடும்.

திரும்பிப் பார்த்தபோது 'ம்' மேல் வைத்த புள்ளிக்கு வால் முளைத்திருந்தது. ஊசிமுனையால் உருட்டி உருட்டி அதை வட்டமாக்கினாள். ஆறு குக்கீக்கு ஆன நேரம் அந்த ஒரு குக்கீக்கு ஆனது. காய்ந்ததும் எடுத்துப்போய்ப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தாள்.

சாயங்காலம் குட்டி வந்தாள். முதுகிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. மேசைமேல் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தாள். எதையோ தேடினாள். கூடத்துக்குப் போனாள். படத்துக்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்கு வந்தாள்.

ஐசிங் அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தப் படத்துக்குக் கிட்டேயே தான் போயிருக்கக் கூடாதோ?

குட்டி எழுத்தின்மேல் நகத்தால் தட்டிப் பார்த்தாள். டொக், டொக். முகம் சுருங்கியது. குக்கீயை இவளிடம் நீட்டினாள்.

"இதைப் போய் இப்படிக் கல்லு மாதிரி பண்ணி வச்சிருக்கியே, எப்படிக் கடிப்ப நீ? உனக்குத்தான் பல்லு வலிக்குதே!"

ஐசிங் அக்கா வாங்கிக்கொண்டாள். கிராம்பு இருந்த பக்கத்திலேயே வைத்துக் கடித்தாள்.