இத்தாலி ஓட்டலில் சுட்ட கத்திரிக்காய்

வெண்ணெய் வழியும் சேமியாவை என் வீட்டுக்காரர் முன்னால் வைத்துவிட்டு, இத்தாலிச் சமையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இவர் ஒரு வாய் சாப்பிடுவதைப் பார்க்காமல் அந்த மனிதர் நகர மாட்டார் போலிருந்தது.

சேமியா என்று நான்தான் சொல்கிறேன். ஒவ்வொன்றும் அரைஞாண் கயிறு நீளம். மேலே பாலாடைக்கட்டியை மழையாகத் தூவியிருந்தார்கள்.

இவர் என்னைப் பார்த்தார். கூடாது என்று நான் கண்ணாலேயே சொன்னேன்.

மறுநாள் காலையில் இவர் ராஜகிரி உச்சிக்குக் கீழே இருக்கும் பிளவைக் கயிற்றில் தொங்கித் தாண்ட வேண்டும். இத்தாலிக்காரர்கள் செஞ்சிக் கோட்டையில் படம் எடுக்க வந்திருந்தார்கள். நடிக்க வந்தவர்கள் அந்தப் பிளவை எட்டிப் பார்த்ததுமே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஊரில் விசாரித்து இவரைப் பிடித்தார்கள். அம்மன் திருவிழாவுக்குப் பொங்கல் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, கையால் பிடிக்காமல் அந்த மலை ஏறுகிறவர் இவர்தான்.

உடுப்புதான் சேரவில்லை.

இத்தாலியில் தைத்து வந்த ஒரே உடுப்பு. பிரித்துத் தைக்கத் துணி இல்லை. இடுப்பில் இரண்டு விரல்கடை போதவில்லை. காலையில் கொக்கி விழாவிட்டால், மெட்ராஸிலிருந்து வந்து காத்திருக்கும் ஸ்டண்ட்காரன் தாண்டுவான்.

அந்தத் தொப்பை கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. என் கைவேலை. வளர்த்தவளே கரைக்க வேண்டியதாயிற்று.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. வீட்டில் கொள்ளு ரசமும் கீரையுமாகப் போட்டு ஒரு விரலைக் கரைத்துவிட்டேன். இன்னொரு விரல் பாக்கி. இந்த நேரம் பார்த்து டைரக்டர் எங்கள் இரண்டு பேரையும் விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டார்.

கோட்டை அடிவாரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு அவர்கள் சமைத்துச் சாப்பிட்ட இடத்துக்குக் கடைத்தெருவில் இத்தாலி ஓட்டல் என்று பேர். அதில் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் செஞ்சிப் பெண் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

மொழி பெயர்க்க வந்திருந்த ஜெயராமனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், நாங்கள் சுத்த சைவம் என்று. கறி, மீன், முட்டை எல்லாம் போயின. மிச்சமிருந்ததெல்லாம் வெண்ணெயும் எண்ணெயும் மாவும். சைவம் சாப்பிட்டால் இளைத்துவிடலாம் என்று எவன் சொன்னான்?

ஜெயராமனை அழைத்துக்கொண்டு அடுப்படிக்கே போனேன்.

"இன்னாங்க அது, தணல்ல கருகிக்கினு கெடக்குது?"

கத்திரிக்காய். சுட்டு எடுத்த பிறகுதான் அதன்மேல் எண்ணெய் ஊற்றுவார்களாம். கடல் தாண்டியும் கத்திரிக்காயைச் சுடத் தெரிந்திருக்கிறதே என்று அந்த ஊர்மீது எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

தோலை உரித்து, உப்பும் எலுமிச்சம்பழமும் போட்டால் போதும் என்றேன். கூட, வெண்ணெய் விடாத தக்காளிச் சாறு. ஆட்டுக்குப் போடுவதைப் போலப் பச்சை இலை ஒரு தட்டு.

இவ்வளவு ஏற்பாடும் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தால், சமையல்காரர் தானாகவே இந்த சேமியாவோடு வந்து நிற்கிறார். நாளைக்கு உயிரைப் பணயம் வைக்கிறவருக்கென்று தனியாகச் செய்தாராம். அவர் அம்மாவின் கைப்பக்குவமாம். ஜெயராமன் அதைச் சொல்லும்போதே அந்த மனிதருக்குக் கண் கலங்கியது.

பாசமாகப் போட்டதை ஒதுக்கி வைப்பது எங்கள் வீட்டில் கிடையாது. ஒருவர் மனசை நோகடித்துவிட்டு மறுநாள் அந்தரத்தில் தொங்க முடியுமா?

இவர் கை மெல்லத் தட்டுப் பக்கம் போயிற்று.

நான் தட்டை என் பக்கம் இழுத்தேன். "எங்க வழக்கம் சார் இது. ஊட்டுக்காரருக்கு வந்தத பொண்டாட்டிதான் மொதல்ல சாப்ட்டுப் பாக்கணும்."

அப்படி ஒரு வழக்கம் செஞ்சியிலும் கிடையாது, வேறெங்கும் கிடையாது. இவர் சாப்பிட்டு எழுந்த இலையில் சாப்பிடுகிறவள் நான். ஜெயராமன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழி பெயர்த்தார்.

முதலில் கொஞ்சம் பார்த்தேன். பிறகு நன்றாகப் பார்த்தேன். தட்டு காலியாகும்வரை பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அருமையாகத்தான் இருந்தது.

சமையல்காரர் பூரித்துப்போய் உள்ளே போனார்.

இவர் சுட்ட கத்திரிக்காயைப் பிசைந்தபடி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பளம் பொரியும் வாசனைக்கே அடுப்படிக்கு வந்து நிற்கிறவர். ஒரு நூல்கூடக் கேட்கவில்லை. கட்டிய நாளிலிருந்து அன்றைக்குப் போல் இவரை நினைத்து நான் பெருமைப்பட்டதில்லை.

காலையில் கூடாரத்துக்குள் இத்தாலித் தையற்காரம்மா ஒரு பக்கம் இழுத்தாள், நான் ஒரு பக்கம் இழுத்தேன். இவர் மூச்சை உள்ளே இழுத்தார். கொக்கி விழுந்தது.

கீழே பாறைமேல் ஊரே கூடியிருந்தது. மளிகைக் கடையை அடைத்துவிட்டு மாமனார் வந்திருந்தார். மகன் படத்தில் வரப்போகிறான் என்று தமுக்கு அடிக்காத குறையாகச் சொல்லி, தொண்டூர் வாடிக்கைக்காரர்களைக்கூட வரவழைத்திருந்தார். உடுப்பைப் பற்றி மட்டும் நாங்கள் அவரிடம் மூச்சு விடவில்லை.

மேலே கயிறு ஆடியது.

நீலப் பாவாடை குடையாக விரிய, பொன்னிறக் கூந்தல் காற்றில் பறக்க, ஒரு வெள்ளைக்காரப் பெண் பிளவைத் தாண்டி அந்தப் பக்கம் போய் இறங்கினாள். கூட்டம் விசிலடித்தது. எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் மாமனார்தான்.

"இன்னா தைரியம் அந்தப் பொண்ணுக்கு!" என்றார் என்னிடம். "சரிம்மா, நம்ம புள்ள எப்ப வருவான்?"

கொக்கியை இழுத்து மாட்டிய விரல் எனக்கு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம்தான் பெருமையை அடக்கி வைப்பது?

"வந்துட்டாரு மாமா" என்றேன்.