பச்சைக் கொட்டை

வீட்டில் பலாக்கொட்டையை வேகவைத்தே பழகிய கை, ஆய்வகத்திலும் அதையே செய்து, கொட்டையிலுள்ள கிருமி கொல்லும் புரதத்தை ஒவ்வொரு முறையும் கெடுத்துவந்தது ஜெசிந்தாவுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. இம்முறை பச்சையாகவே அரைத்து வடித்த சாற்றில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தட்டின் நடுவில் விட்டாள். தட்டில் பரப்பியிருந்த கிருமி, எந்த மருந்துக்கும் ஆறாத அவள் தம்பியின் கால் புண்ணிலிருந்து எடுத்தது.

மறுநாள் காலை துறைத்தலைவர் இர்ஃபான் அலுப்போடு கேட்டார்: "இன்னிக்கும் தட்டு முழுக்க வளந்துடுச்சா?"

ஜெசிந்தா தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கிருமி வளர்ந்து படர்ந்த மஞ்சள் படலத்தின் நடுவே துடைத்துவிட்டாற்போல் ஒரு வட்டம். அதன் வழியே எதிரில் நின்றவரின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

"கொட்டை பச்சையா இருந்துச்சு சார். பக்கத்துல எதையும் வளர விடல."