கோதுமை நுழையாத வீடு

"நேத்தும் உங்க வீட்டுச் சாப்பாடுதான் அத்தை. நேத்தும் சாயங்காலம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டேன். இதுக்கு மேல நான் என்ன சாட்சி கொண்டு வரணும்?"

சொல்லிவிட்டு லெஸ்யா நாற்காலியில் சாய்ந்தாள். ஆறு மாத வயிறு மேசை விளிம்பைத் தொட்டது. முகத்தில் ரத்தமே இல்லை.

மாமியார் ஸ்டெஃபா இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "என் வீட்டுல ஒரு துளி கோதுமை மாவு கிடையாது. பழைய மாவு ஒட்டியிருக்கும்னு மர அகப்பையெல்லாம் அடுப்புல போட்டு எரிச்சாச்சு. மாவு உருட்டுற கட்டை, எங்கம்மா சீரா கொடுத்தது, அதையும் உன் நாத்தனாருக்குக் கொடுத்து அனுப்பிட்டேன். டோஸ்டர் ஷெட்டுல கிடக்கு. இன்னும் எதைத் தூக்கி எறியணும்? என்னையா?"

"வாரம் பூரா நல்லா இருக்கிறவளுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் எப்படி வருது? அதைச் சொல்லுங்க."

"நான் என்ன டாக்டரா? கனடாவுல இந்த சஸ்காட்சுவான் மாகாணம் பூரா கோதுமையை வித்துத்தான் சோறு திங்குது. அதுல எனக்குன்னு வாய்ச்ச மருமகளுக்குத்தான் கோதுமை ஆகலை!"

"நானா கடையில கேட்டு வாங்கினேன் இந்த வியாதியை?"

காபிக் கோப்பையோடு நின்ற கணவன் மைரோன், "ரெண்டு பேரும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு!" என்றார்கள் இருவரும் ஒன்றாக.

அவன் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனான். முதலில் சந்தேகப்பட்டது அவனைத்தான். கோதுமை வயலிலிருந்து வந்தால் ஷெட்டிலேயே துணி மாற்றி, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்று உத்தரவு. தாடியில் தூசி தங்கும் என்று தாடியும் போனது. அப்படியும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் லெஸ்யாவுக்கு வயிறு முறுக்கியது.

கர்ப்பம் தரித்த பிறகுதான் அவளுக்குக் கோதுமையில் இருக்கும் குளூட்டன் ஆகாது என்பதே தெரிந்தது. போன வாரம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குடல் புண்ணாகிக்கொண்டே இருந்தால் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது. குழந்தை இப்போதே எடை குறைவு. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான்.

ஃபோன் அடித்தது. டாக்டர் அனுப்பிய டயட்டீஷியன், திருமதி பெக். எல்லோருக்கும் கேட்கும்படி மைரோன் ஸ்பீக்கரில் போட்டான்.

"நேத்து சமைச்சவங்க பக்கத்துல இருக்காங்களா? கோபப்படாம பதில் சொல்லணும்."

"இங்க யாரு கோபப்படறா?" என்று சீறினாள் ஸ்டெஃபா.

"மதியம் என்ன சாப்பாடு?"

"முட்டைக்கோஸ் இலையில சோறும் கறியும் வச்சுச் சுருட்டினேன். பீட்ரூட் சூப். சாசேஜ்."

"சூப் கெட்டியாக மாவு கரைச்சு விட்டீங்களா?"

"மாவு கரைச்சு விடறது சூப் வைக்கத் தெரியாதவங்க வேலை."

"சாசேஜ் கடையில வாங்கினதா?"

"நானே அரைச்சது. பன்னிக்கறி, பூண்டு, உப்பு. வந்து பாக்கறீங்களா?"

சத்து மாத்திரை, உதட்டுச் சாயம், பற்பசை, பாத்திரம் துடைக்கும் துணி என்று திருமதி பெக் ஒவ்வொன்றாய்க் கேட்டார். எதிலும் குற்றமில்லை.

லெஸ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போதும். இனிமே ஞாயித்துக்கிழமை நான் உங்க வீட்டுக்கு வரலை அத்தை. குழந்தை நல்லபடியா பொறக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

ஸ்டெஃபாவின் கை கோட்டுப் பொத்தானிலேயே நின்றுவிட்டது. "அப்புறம் மட்டும் வருவியா? பேரப்பிள்ளைக்கு விஷம் வச்ச கிழவின்னு பேரு வாங்கின வீட்டுக்கு?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"வேற எப்படிடி சொல்லணும்?"

"ஒரு நிமிஷம், சண்டையை நிறுத்துங்க," என்றார் திருமதி பெக். "இதெல்லாம் மதியம் சாப்பிட்டது. காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்லை," என்றாள் லெஸ்யா.

"ஆறு மாசக் கர்ப்பிணி எதுக்குப் பட்டினி கிடக்கணும்?"

"ஞாயித்துக்கிழமை பூசை முடியற வரைக்கும் நாங்க வெறும் வயித்தோடதான் இருப்போம். உனக்கு வேணாம்மான்னு ஃபாதர்கூட சொன்னார். நான்தான் கேக்கலை."

"பூசைக்கு எதுக்கு வெறும் வயிறு?"

"நற்கருணை வாங்கணுமே! திராட்சை ரசத்துல நனைச்சு ஃபாதர் ஸ்பூன்ல வாயில கொடுப்பார்."



"எதை நனைச்சு? ரொட்டியையா?"

"அது ரொட்டி இல்லை!" என்றார்கள் மாமியாரும் மருமகளும், மனம் புண்பட்டவர்களாக. "அது ஆண்டவரோட உடம்பு."

"சரிம்மா, தப்பா எடுத்துக்காதீங்க." திருமதி பெக் மிக மெதுவாகக் கேட்டார். "பீடத்துக்குப் போறதுக்கு முன்னாடி அது என்ன?"

லெஸ்யா மாமியாரைப் பார்த்தாள். ஸ்டெஃபா கோட்டோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கோதுமை மாவு, ஈஸ்ட், தண்ணி, உப்பு," என்றாள். "இவ உண்டான நாள்லேர்ந்து வேற யாரையும் தொட விடாம, சனிக்கிழமை சனிக்கிழமை கோயில் அடுப்புல நான்தான் சுடறேன். இவ வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு ஜெபம் சொல்லிச் சொல்லித்தான் பிசையறேன்."