பூங்காவில் நின்ற இரும்பு

"இது என்ன சார்?" என்று கேட்டார் சுந்தரராமன்.

"சிற்பம்" என்றார் ஏகநாதன்.

"அது சரி. என்ன சிற்பம்?"

ஏகநாதன் மோவாயைத் தடவிக்கொண்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்கும் இன்னும் சரியாப் பிடிபடல சார்."

செய்தவருக்கே பிடிபடவில்லை என்றால் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

சிட்லபாக்கத்தில் நாற்பத்திரண்டு வீடுகள் கொண்ட காலனி அது. டெலிபோன்ஸில் ரிடையரான சுந்தரராமன், 1989-ல் காலனி சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். பூங்காவில் ஒரு சிலை வைக்கலாம் என்பது அவருடைய யோசனைதான். நாலாவது தெருவிலேயே சிற்பக்கலை வாத்தியார் ஒருத்தர் இருக்கிறாரே என்று ஏகநாதன் வீட்டுப் படியேறியதும் அவர்தான். ஒரு தாயும் குழந்தையும், இல்லாவிட்டால் புத்தகம் படிக்கிற சிறுமி என்று மனசுக்குள் நினைத்திருந்தார். அதை வாய்விட்டுச் சொல்லாமல் வந்ததுதான் தப்பாகப் போயிற்று.

வந்து நின்றது ஏழடி உயர இரும்பு. ஒரு குழாய் மேலே போய், திடீரென்று மனசு மாறினாற்போல வளைந்து கீழே இறங்கியது. நடுவில் பாதி சைக்கிள் ரிம். ஒட்டுப் போட்ட இடமெல்லாம் கட்டி கட்டியாகத் திரண்டிருந்தது. அடியில், "ஏகநாதன்" என்று ஒரு சின்னப் பலகை.

நாகலக்ஷ்மி மாமி அதை ஒட்டகம் என்றார். பாங்க்கில் வேலை பார்க்கும் ஸ்ரீரங்கன் கிணற்று ராட்டினம் என்றார்.

சுந்தரராமன் காலை நடையில் அதை நாலு பக்கமும் சுற்றி வந்தார். கிழக்கிலிருந்து பார்த்தால் யாரோ குனிந்து எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. மேற்கிலிருந்து பார்த்தால் அதுவும் இல்லை.

மறுபடி ஏகநாதன் வீட்டுக்குப் போனார். அவர் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை விரித்துக் காட்டினார்.

"இது அமெரிக்கா சார். துணி காயப்போடற கிளிப். நாற்பத்தஞ்சு அடி. ஊர் நடுவுல வெச்சிருக்காங்க. இது இங்கிலாந்து. வீட்டுக் கூரையில ஒரு சுறாமீன் தலைகீழாக் குத்தி நிக்குது பாருங்க."

"அந்த ஊர்க்காரங்க சும்மா விட்டாங்களா?"

"எங்க விட்டாங்க? சண்டை நடந்துக்கிட்டுத்தான் இருக்கு."

வீட்டுக்குத் திரும்பும்போது சுந்தரராமனுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. தனக்குத்தான் ரசனை போதவில்லையா, இல்லை இந்த மனுஷர் காதில் பூ சுற்றுகிறாரா?

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எல்லாரும் ஏகநாதனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"காலேஜ்ல பசங்களுக்கு இதைத்தான் சொல்லித் தரேளா?" என்றார் ஸ்ரீரங்கன். "கலையெல்லாம் இருக்கட்டும். ஒழுங்கா ஒட்டுப் போடக்கூடத் தெரியலையே சார் உங்களுக்கு."

கூடமே சிரித்தது. சுந்தரராமன் ஏகநாதனையே பார்த்தார். அந்தப் பத்திரிகையையாவது விரித்துக் காட்டுவார், கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒட்டு சரியா வரல. என் தப்புதான். ஒரு ஆறு மாசம் மட்டும் இருக்க விடுங்க."

விடவில்லை. புதன்கிழமை எடுத்துவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள்.

புதன் காலை லாரியும் நாலு ஆட்களும் வந்தார்கள். சுந்தரராமன் போனபோது, காலனிக்குத் தண்ணீர் மோட்டார் போடுகிற குப்புராஜ் அங்கே நின்று, தோள் துண்டால் அந்த இரும்பின்மேல் இருந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தள்ளு குப்புராஜ். கயிறு கட்டணும்."

"எடுத்துடப் போறீங்களா சார்?"

"தீர்மானம் ஆயிடுச்சு. உனக்கென்ன அதுல?"

"எடுக்கறதுக்கு மின்னாடி கீழ இந்த ஒட்டை மட்டும் ஒரு தபா பாருங்க சார். இது நல்லா வந்துகீது. மேல போட்டதெல்லாம் பேஜாரு. அப்ப இடது கை படியல."

சுந்தரராமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒட்டு நீயா போட்ட?"

"ஒட்டு இன்னா சார், அல்லாமே நான்தான்."

குப்புராஜ் பல்லாவரத்தில் ஒரு பட்டறையில் பன்னிரண்டு வருஷம் வெல்டராக இருந்தவன். மெஷினில் வலது கையின் மூணு விரல் போனதும் வேலையும் போயிற்று. ஒருநாள் குழாய் பார்க்கப் போன இடத்தில், ஏகநாதன் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் வெல்டிங் மெஷினைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டானாம். இடது கையால் செய்து பாரேன் என்று அவர்தான் பிடித்து உட்கார வைத்தாராம்.

"முதல்ல வாத்தியாரு ஒரு படம் போட்டுக் குடுத்தாரு சார். கை அதும்படி போவல. அது எங்க போச்சோ அங்க வுட்டுட்டேன். வாத்தியாரு பாத்துட்டு, இதுவே இருக்கட்டும்னாரு."

சுந்தரராமனுக்கு இத்தனை நாள் இருந்த குழப்பமெல்லாம் கோபமாகத் திரண்டது. படித்த மனுஷர், கை போன ஒருத்தனின் உழைப்பை எடுத்துத் தன் பேரை எழுதி நட்டுவைத்திருக்கிறார். அதனால்தான் கூட்டத்தில் எதிர்த்துப் பேசவில்லை.

"இன்னிக்கு வேண்டாம், போங்கப்பா" என்று லாரிக்காரர்களைத் திருப்பி அனுப்பினார். "முதல்ல அந்த மனுஷரை நிக்க வெச்சுக் கேக்கணும். ஏன் குப்புராஜ், நீ செஞ்சதுல அவர் பேரைப் போட்டுக்கிட்டாரே, நீ எப்படி சும்மா இருந்த?"

குப்புராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"எனக்குத்தான் சார் பயமா இருந்துச்சு. 'நாலு பேரு நல்லாகீதுன்னு சொல்லட்டும், அன்னிக்கே உன் பேரை எழுதிடலாம். திட்டறவரைக்கும் என் பேரே இருக்கட்டும்'னு சொல்லிட்டாரு வாத்தியாரு."